என் பக்கத்து ஈ

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை,
பீஷான் திரையரங்கில்
சோளப்பொரி சிந்திக் கிடந்த ஐந்தாம் வரிசையில்
மகனோடு உட்கார்ந்திருந்தபோது
என் மின்தூக்கி திரையில் வந்தது.

உயரத்துக்குப் பயப்படும் மின்தூக்கி.
பன்னிரண்டாம் மாடிக்குப் போகச் சொன்னால்
மூன்றிலேயே நின்று இருமும்.
ஆறு வருடத்துக்கு முன் தை செங்கில்
குளிரூட்டி ஒழுகிய ஒரு கூட்ட அறையில்
நாற்பத்திரண்டு கட்டங்களாக
நான் வரைந்து சுவரில் ஒட்டியது.
மேசையைச் சுற்றி ஏழு பேர்,
இருவர் விமானத்திலிருந்து நேராக வந்தவர்கள்.
ஒருவர் சிரித்தார். ஒருவர் கைபேசியைப் பார்த்தார்.
சந்தையில்லை என்றார்கள்.
போகும்போது ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள்.

சும்மா இரு மனமே என்றேன்.
கார்ட்டூன் வரைந்தே பத்து வருடமாய்ச் சோறு தின்கிறேன்,
எனக்குத் தெரியாதா?
பத்தாம் நிமிடத்தில் அம்மா சாவாள்.
எழுபதில் நண்பர்கள் சண்டை போட்டுப் பிரிவார்கள்,
மழை பெய்யும்.
எண்பதில் அந்தக் குட்டி மிருகம்
செத்ததுபோல் கிடந்து ஒரு கண் திறக்கும்.
இதில் யார் யாரிடம் திருட?
ஒரே சந்தையில் காய் வாங்கினால்
எல்லா வீட்டிலும் அதே சாம்பார்தான்.

அப்போதுதான் அது திரும்பி முகம் காட்டியது.
எட்டாம் எண் பொத்தான் கருகியிருந்தது.

ஈயடிச்சான் காப்பி என்போமே.
மூலத்தாளில் ஓர் ஈ செத்து ஒட்டியிருந்ததாம்.
படியெடுத்தவன் ஓர் ஈயைத் தேடிப் பிடித்து
அடித்து, அதே இடத்தில் ஒட்டினானாம்.
கருகிய எட்டு என் ஈ.
தோ பாயோவில், எங்கள் புளோக்கில்,
எங்கள் மாடிப் பொத்தானை
எவனோ லைட்டரால் சுட்டு வைத்தான்.
பிளாஸ்டிக் உருகி
ஒரு பக்கம் இமைபோலத் தொங்கும்.
அதைத்தான் கண்ணாக வைத்தேன்.
படம் முழுக்கப் பனி கொட்டும் அந்த ஊரில்
யார் போய்ப் பொத்தானைச் சுடுகிறார்கள்?

மகன் பொரியிலிருந்து கையை எடுக்கவில்லை.
நான் யோசித்தே பார்க்காத இடங்களில் சிரித்தான்.
ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்:
மின்தூக்கி இருமும்போதெல்லாம்
அதன் கூரை விளக்கு சிமிட்டியது.
அது எனக்குத் தோன்றவில்லை.
தோன்றியிருக்க வேண்டும்.

மெஹருன்னிசா வழக்கறிஞர், என் பள்ளித் தோழி.
காப்பிக் கடையில் கோப்பி-ஓவை ஊதிக்கொண்டே
"எண்ணத்துக்கு வேலி கிடையாது,
வரைந்ததைக் காட்டு" என்றாள்.
காட்டினேன்.
நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பதுதான் இருந்தன.
எதிலும் எட்டு கருகியிருக்கவில்லை.
தொலைந்த மூன்றில் இருக்கும் என்றேன்.
"இருக்கும்" என்றாள்,
கட்சிக்காரர்களிடம் சொல்லும் குரலில்.

வரைந்தேனா,
வரைய வேண்டும் என்று நினைத்தேனா,
இல்லை, இருட்டில் உட்கார்ந்திருந்த என் ஞாபகம்
திரையில் பார்த்த ஈயைப் போல் ஒன்றை
அவசரமாய் அடித்து
ஆறு வருடத்துப் பழைய தாளில் ஒட்டிக்கொண்டதா?
படுத்தால் தூக்கமில்லை.
எழுதிய புகார்க் கடிதம்
அனுப்பாமல் கணினியில் கிடக்கிறது,
நிதானமான, மிக மரியாதையான கடிதம்.

நேற்று இரவு மின்தூக்கியில்
ஒன்பதாம் மாடி ஹுமைரா, ஐந்து வயது,
கருகிய எட்டை நான் அழுத்தப் போனபோது
என் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.
"கெசியான், மாத்தா டியா."
பாவமாம், அதன் கண்.

படம் பார்த்தாளா என்று அவள் அம்மாவைக் கேட்டேன்.
இவள் தியேட்டருக்கே வரமாட்டாள்,
இருட்டென்றால் பயம் என்றார்.
மகனைப் பார்த்தேன்:
இவளிடம் நீ ஏதாவது சொன்னாயா?

அவன் காதில் விழவில்லை.
அண்ணாந்து
கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்,
மூன்றாம் மாடி வரட்டும் என்று.