காலி வண்டி எடை

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில்
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
எடைமேடை என் பொறுப்பு.
சிவப்பு எண்கள் ஆடி நின்றதும்
சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலாளி சேவுகப்பெருமாள் தந்த மடிக்கணினி
அவர் மகள் பிளஸ் டூவில் வாங்கியது.
மூடியில் 'விலையில்லா' என்று எழுத்து, பக்கத்தில்
பாதி உரிந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்.
ரேம் இரண்டு ஜிபி.
விண்டோஸ் அதில் எழுந்து முகம் கழுவி வருவதற்குள்
லாரி வரிசை பெட்ரோல் பங்க் வரை போய்விடும்.
"மேடம், நானே குத்துமதிப்பா ஒண்ணு சொல்லட்டுமா?"
என்பார் வீரணன், ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றி.

வண்டி வராத நேரங்களில்
ஒரு பென்டிரைவும் ஃபிளாஸ்க் டீயுமாக
லினக்ஸ் டெஸ்க்டாப்புகளை
ஒவ்வொன்றாக மேடை ஏற்றினேன்.

எங்கள் தொழிலில்
சரக்கை யாரும் நேராக நிறுப்பதில்லை.
காலி வண்டியை நிறுத்து எழுதிக்கொள்வோம்,
பாரத்தோடு வந்தால் கழிப்போம்.

குனோம் வந்தது, கல்யாண பஸ் மாதிரி.
பக்கவாட்டில் சீரியல் விளக்கு, கண்ணாடியில் மயில்.
ஒன்றும் ஏற்றாமலே ஆயிரத்து நூறு எம்பி.
ஆட்கள் எங்கே உட்கார?
கேடிஇ கொஞ்சம் குறைவு,
ஆனால் எந்தக் கதவைத் திறந்தாலும்
உள்ளே இன்னும் நாலு கதவு.
ஐஸ்டபிள்யூஎம் நூற்றெண்பது!
சேஸும் சக்கரமும் மட்டும். பறந்தது.
வைஃபை எங்கே என்று
ஒரு மணி நேரம் கறுப்புத் திரையில் தட்டினேன்.
ஜன்னலுக்கு வெளியே யானைமலை
அதே கறுப்பில் படுத்திருந்தது.

மிச்ச ரேம் எவ்வளவு என்று கேட்கும் கட்டளைக்குப் பெயர்
'ஃப்ரீ'.
மூடியைப் பார்த்தேன், தனியாகச் சிரித்தேன்.
நாய் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்தது.

கடைசியில் எலிப் படம் போட்ட எக்ஸ்எஃப்சிஇ.
ஐந்நூறுக்குப் பக்கம். இருப்பதிலேயே இலேசு இல்லை.
ஆனால் பேட்டரி எத்தனை சதவீதம் என்று
கேட்காமலே மூலையில் சொன்னது.
பகல் ஷிஃப்ட் ஜெசிந்தா
பிரின்டரைத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள்,
என் தூக்கத்துக்குள் போன் அடிக்கவில்லை.
எனக்கு அது போதும்.

முதல் சீட்டில் வீரணன்
வெறும் கட்டம் கட்டமாக வந்தார்.
"பேரைத் தூக்கிட்டுப் பொட்டியை அடுக்கிட்டீங்களே."
தமிழ் எழுத்துரு ஏற்றினேன், இன்னும் சில எம்பி.
அதைக் காலி வண்டிக் கணக்கில் எழுதவில்லை.
பெயர் சரக்குதானே.

நேற்று இரண்டு நாற்பதுக்கு எம்-சாண்டோடு வந்தார்.
சீட்டு வந்தது. வீ-யின் சுழிகூடச் சரியாக இருந்தது.
கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்,
பிறகு எண்ணைப் பார்த்தார்.
"கிரஷர்ல போட்டதுக்கு அறுபது கிலோ கூட இருக்கே.
புதுசா என்னமோ மாத்துனீங்களே, அதுவா?"

நான் இறங்கிப் போய் டார்ச் அடித்தேன்.
தார்ப்பாய் மேல், மணலில் பள்ளம் பறித்து,
வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்
கிளீனர்.