கொருக்குப்பேட்டை கேட்டருகே ஒரு ரோல்கால்

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆறரை.
கேட் போட்டிருக்கிறது.
துறைமுகத்துக்குப் போவதா வருவதா என்று
முடிவு செய்யாத கூட்ஸ் வண்டி ஒன்று
தண்டவாளத்தில் நிற்கிறது.
அந்தப் பக்கம் வேதகிரி, மொபெட்டோடு.
இந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் நாங்கள்.
சக்கரங்களுக்கு நடுவே அவர் செருப்பு மட்டும் தெரிகிறது.
"காலைப் பாரு, இன்னும் பாரா நிக்கிற மாதிரியே நிக்குது"
என்கிறாள் தனகோட்டி.
பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத ஸ்டேஷனில்
பதினோரு வருடம் வேலை பார்த்தவள்.
அதையும் இப்போது சிரிப்பாகத்தான் சொல்கிறாள்.
எங்களுக்குத்தான் சரியாகச் சிரிக்க வரவில்லை.

நான் ரைட்டர்.
வருகைப் பதிவு இன்னும் என் கையில்,
நாற்பது பக்க நோட்டு, பேத்தி பாதி கிறுக்கியது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் காது கேட்காது,
நம்பர் சொல்ல வேண்டும்.
"ஆயிரத்து நானூத்திப் பதினேழு."
"அய்யா!"
முட்டி தேய்ந்த எத்திராஜுலு
பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றுதான் பதில் சொல்வார்.
"ரெண்டாயிரத்து அறுபத்தொம்போது."
அது இருதயராஜ்.
காசிமேடு கல்லறையில் போன மாசியில் மண் போட்டோம்.
யாராவது ஒருவர் குரல் கொடுப்போம்:
"ஓ.டி."
வெளி வேலை. எங்கேயோ பந்தோபஸ்து.
அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

பிறகு பேச்சு.
ஏறாத அகவிலைப்படி, ஆஸ்பத்திரி ஏற்காத கார்டு,
ஒன்றரை சென்டிமீட்டரில் எஸ்.ஐ. வேலையைத் தவறவிட்ட பேரன்.
கணேசபுரம் சுரங்கப்பாதை வெள்ளத்தில்
வாக்கி டாக்கியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு
"மைக்கு தண்ணிக்கு மேல, நான் தண்ணிக்குள்ள" என்று
கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்ன கன்னியப்பன்.
சேவல் சண்டை வழக்கில் சொத்தாகப் பிடித்த சேவல்
விடியும் முன்னே கூவி
இன்ஸ்பெக்டரையே எழுப்பியது.
அது எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.
ருசி மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சிரிப்பு அடங்கும்முன்
தஸ்தகீர் பாய் வாய் திறந்தார்.
மூன்று மாதமாகப் பேச்சில்லை அவருக்கு.
மருமகள் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போவாள்,
டீயில் பிஸ்கட் கரைந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ரைட்டரே,
அந்தப் பையனுக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

எந்தப் பையன் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ராத்திரி இரண்டு பத்தை
நாலு இருபது என்று டைரியில் எழுதினேன்.
பேனா என்னுடையது, கையெழுத்து என்னுடையது.
எழுதச் சொன்ன வாயில் இப்போது பல் இல்லை.
இதே பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்து
வடையைப் பிய்த்து ஊறவைத்துக்கொண்டிருக்கிறது.
வாசல் படியில் பையனின் அம்மா
மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு
அதன்மேல் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

வண்டி நகர்ந்தது.
அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் நன்றி சொல்லியிருப்போம்.

தனகோட்டி எழுந்தாள்.
கடைக்காரனின் பச்சை ஜக்கிலிருந்து
டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து
பாய் கையில் வைத்தாள்.
"நீங்களே குடுங்க பாய்."

அவர் நடந்தார்.
யாரும் தடுக்கவில்லை.
இன்னும் தூக்காத கேட்டில்
வரிசையாகத் தொங்கும் கம்பிகளைக் கண்டதும் நின்றார்.
கம்பிகளுக்கு இடையே கையை நீட்டினார்.
டம்ளர் ஆடியது,
பாதித் தண்ணீர் தாரில் சிந்தியது.

மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு,
சட்டத்தை மீறித் தண்டவாளம் தாண்டி வந்த வேதகிரி
அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.
"தாகம்னு எப்டி பாய் தெரிஞ்சுது?"

பாய் காலி டம்ளரைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வேதகிரிக்கு வருகை போட வேண்டும்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஏழு பதினொன்று.
ஏழு பதினொன்று என்றே
எழுதினேன்.