இடது காது மட்டும்

நகரியில் ஒரு மாடி அறை.
கட்டிலுக்கடியிலிருந்து அதை இழுத்தார் முனிரத்தினம்.
பழைய போர்வைக்குள்
இரண்டு தட்டு, நடுவில் மிக்ஸர்,
வலது ஃபேடருக்குத் தொப்பி போய்
பேனா மூடி செருகியிருந்தது.
"மீதி பள்ளிப்பட்டா?" என்றார்.
பாக்கிப் பணம் கேட்கிறாரென்று
பர்ஸைத் திறந்துவிட்டேன்.
சிரித்தார். தெலுங்கில் அது 'உங்களுடையது'.
சிரித்ததற்காக ஆயிரம் குறைத்தார்.

சென்னைக் கடைக்காரன்
முதலில் ஸ்பீக்கர் வாங்கச் சொல்லியிருந்தான்.
சவுண்ட் சர்வீஸ் டில்லிபாபு, என் அக்கா வீட்டுக்காரர்,
முதலில் லைட் வாங்கச் சொன்னார்:
"ஜனம் கண்ணாலதான் கேக்குது."
எனக்கு வேண்டியது
ஊருக்கு இன்னும் கேட்காத பாட்டை
எனக்கு மட்டும் முன்னால் கேட்கவைக்கும் ஒரு துளை.
அது இதில் இருந்தது.
ஹெட்போன் இலவசம். வலது பக்கம் செத்தது.
"ஒண்ணு போதும்மா,
இன்னொரு காது சபைக்கு" என்றார் முனிரத்தினம்.
ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கவில்லை.
கீழே தொட்டிலில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

பஸ்ஸில் மடிமேல் வைத்திருந்தேன்.
"கேஸ் ஸ்டவ்வா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன். ரெண்டு பர்னர்.

முதல் மாதம் ஒன்றும் வேகவில்லை.
'சிங்க்' என்று ஒரு பொத்தான்.
அழுத்தினால் இரண்டு பாட்டும் தானே கைகோத்துக்கொள்ளும்.
மூன்று நாள் அழுத்தினேன்.
நாலாம் நாள் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து
அதன்மேல் ஒட்டினேன்.
அதற்குப் பிறகு
எல்லாப் பாட்டும் எல்லாப் பாட்டோடும் சண்டை.
வீடியோவில் ஒருவன் நாற்பது நிமிஷம் விளக்கினான்,
பீட், ஃபிரேஸ், எட்டு எட்டாக எண்ணு என்று.
எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது,
பாட்டுதான் வேறெங்கோ இருந்தது.

புரிந்தது தறிக் கொட்டகையில்.
தார் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.
மூன்றாம் தறிக்கும் நாலாம் தறிக்கும் தனித்தனி மோட்டார்.
எட்டு அடி, பத்து அடி ஒன்றாக விழுகிறது,
ஒரே தறி என்று தோன்றும்.
பிறகு ஒன்று மயிரளவு முந்துகிறது,
சத்தத்துக்கு ஓரம் முளைக்கிறது,
ஓரம் அகன்று இரண்டாகிறது,
இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய்
மறுபடி ஒன்றாக விழுகிறது.
ஏழு வருஷம் இதை இரைச்சல் என்றிருந்தேன்.
"பாபின் அறுந்துபோச்சு, எங்க பாக்கற?" என்றாள் கஜலட்சுமி.
எங்கும் பார்க்கவில்லை.
எது முந்துகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொதட்டூர்பேட்டையில் முதல் ரிசப்ஷன்.
பெண் இங்கே, மாப்பிள்ளை புத்தூர்.
பெண்வீட்டார் கேட்ட பாட்டு நூற்று இருபத்தாறு.
மாப்பிள்ளைத் தோழர்கள் கேட்டது நூற்று முப்பத்தொன்று,
அதுவும் உடனே, அதுவும் மேடைமேல் ஏறி.
வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.
ஸ்லைடர் நடுவில் ஒரு இடத்தில் மாட்டும்,
அதைத் தாண்டியதும் வழுக்கும். வழுக்கியது.
பேனா மூடியைத் தள்ளியபோது
மண்டபத்துக்குள் இரண்டு தறி ஓடியது.

கூட்டத்தின் நடுவில்
சந்தன நிறச் சட்டை போட்ட மாமா ஒருவர்
ஒரு காலைத் தூக்கியிருந்தார்.
இறக்க இடமில்லை.
இந்த அடியில் இறக்குவதா, அந்த அடியிலா,
கால் அந்தரத்தில் நின்றது.
என் இடது காதில் தெலுங்கு, வலது காதில் மண்டபம்.
முந்துவது எது?
முந்துவது தெலுங்கு.
தட்டின் விளிம்பில் விரல் நுனி வைத்தேன்,
கொதிக்கும் பாலைத் தொடுவதுபோல, எடுத்துவிட்டேன்.

மாமா கால் தரையைத் தொட்டது.
குனிந்து அந்தக் காலைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.
பிறகு ஆடினார், இரண்டு மொழிக்கும்.

"லைட் இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது"
என்றார் டில்லிபாபு பக்கத்தில் வந்து.
தலையாட்டினேன். பாதிதான் கேட்டது.
இடது காதில்
அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது.