மருந்துக்கும் இல்லை

லாரி செவ்வாய்க்கிழமைதான் வரும்.
திங்கள் இரவே வந்து நிற்கிறது
ஓர்வில் ஸ்டென்ஸ்ருட்டின் பிக்கப்.
கண்ணாடி முழுக்கப் பனி,
உள்ளே தூங்குகிறது ஒரு தொப்பி.

கடையைத் திறக்கிறேன்.
மாட்டுத் தீவனம், முள்கம்பி, சாலைக்குத் தூவும் உப்பு,
எதற்கும் குறைவில்லை.
நான்காவது வரிசையில் மட்டும்
விலைச்சீட்டுகள்
வெறும் தகரத்தைக் கடித்துக்கொண்டிருக்கின்றன.

"வந்ததா?"
மொன்டானாவின் இந்த மூலையில்
இப்போது வணக்கம் என்பது அதுதான்.
எது என்று யாரும் சொல்வதில்லை.
இல்லை என்றதும்
வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு
ஏதோ வாங்குகிறார்கள்:
ஒரு பொட்டலம் ஆணி,
டார்ச்சுக்கு பேட்டரி,
பறவைக்குத் தினை.
இந்த இலையுதிர்காலத்தில்
எங்கள் ஊர்க் குருவிகள் கொழுத்துவிட்டன.

சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து
வால்நட் ஓட்டுத் தூளில் இரவெல்லாம் உருட்டி
பித்தளையைப் பொன்னாக்கி வைத்திருக்கிறார்கள்.
குண்டு இருக்கிறது.
மருந்து கூட அரை டப்பா இருக்கிறது.
அடியில் பதிக்கிற ப்ரைமர்,
ஒரு உளுந்துக்கு மேல் பெரிதில்லாத அது,
தீபாவளிப் பொட்டுவெடியின் மூத்த அண்ணன்,
அதுதான்
மருந்துக்கும் இல்லை.

தொழிற்சாலையில் தீப்பிடித்ததாம்.
எல்லாம் போருக்குப் போகிறதாம்.
வயோமிங்கில் ஒருத்தன்
கராஜ் முழுக்க அடுக்கி
மேலே மெத்தை போட்டுத் தூங்குகிறானாம்.
காரணங்களுக்கு மட்டும்
இங்கே ரேஷன் இல்லை.

பத்து மணிக்கு வந்தாள் டெல்ஃபின் அஷூர்,
பள்ளிப் பேருந்தை வெளியே உறும விட்டுவிட்டு.
"நாலு தோட்டா வைத்திருந்தேன், லோர்னா.
ஒன்று குறி பார்க்க, ஒன்று மானுக்கு,
இரண்டு என் பிழைகளுக்கு.
பிழைகள் செலவாகிவிட்டன.
குறி பார்த்ததும் போயிற்று."
சிரித்தாள்.
வீட்டில் மூன்று பிள்ளைகள்,
தரை தெரிகிற ஃப்ரீசர்.
நான் தலையாட்டினேன்.
அவள் தினை கூட வாங்கவில்லை.

மதியம் லாரி வந்தது.
கன்றுக்குட்டிப் பால்மாவு, ரேடியேட்டர் திரவம்,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரு சின்ன அட்டைப்பெட்டி.
ஒன்பது ஆண்கள் சூழ்ந்து நின்றார்கள்,
பிரசவ வார்டு வாசல் போல.
திறந்தேன்.
கைத்துப்பாக்கி அளவு.
மான் வேட்டைக்கு ஆகாது.

ஓர்வில் மட்டும் ஒரு தட்டை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
"சின்னது வந்துவிட்டால்
பெரியது பின்னாலேயே வரும்" என்றார்.
யாரும் நம்பவில்லை.
யாரும் மறுக்கவுமில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது.
ஏப்ரலில் கடைசியாக ஒரு பெட்டி வந்தது.
அளவு சரியானது. ஆயிரம்.
கதவைத் திறக்குமுன்
அதற்கு நானே பணம் கட்டினேன்,
ரசீதும் போட்டேன், முறையாக.
அது என் வீட்டில் இருக்கிறது,
சலவைத்தூள் டப்பாவுக்குப் பின்னால்.
என் கணவரில்லை, மகனில்லை,
வேட்டைக்குப் போகிறவர் அந்த வீட்டில் யாருமில்லை.
எல்லோரும் தேடுகிற பொருள்
என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது,
அவ்வளவுதான்.

மாலை பேருந்துக் கொட்டகைக்குப் போய்
நூறு கொண்ட தட்டு ஒன்றை நீட்டினேன்.
"லாரியில் வந்தது."
டெல்ஃபின் உறையைத் திருப்பினாள்.
என் கையெழுத்தில் விலை,
பக்கத்தில் ஏப்ரல் தேதி.
பார்த்தாள்.
எண்ணி, அதே விலையைக் கொடுத்தாள்,
ஒரு சென்ட் குறையாமல்.
நன்றி சொல்லாமல் இருந்ததற்கு
அவளுக்கு நன்றி.

காலையில் ஓர்வில் கேட்டார்: "வந்ததா?"
"செவ்வாய்" என்றேன்.
அவர் தினையை எடுத்து
கவுன்ட்டரில் வைத்தார்.

வீட்டில் இன்னும் ஒன்பது தட்டு.
நேற்று துணி துவைக்கவில்லை.