அடுத்த ஆள் தெரியும் தூரம்

கோபன்ஹேகனில் என் மகனுக்குத்
தனி அறை, தனி விளக்கு, தனி நாற்காலி.
தோற்றுப் பழகத்தான் ஆளில்லை.
சதுரங்கத்தில் நான் விட்டுக்கொடுப்பேன்,
விட்டுக்கொடுப்பது அவனுக்கும் தெரியும்.

ஃபரோ தீவுகளுக்குத் திரும்பிய மறுநாள்
என் அக்கா மர்யுனின் பிள்ளைகள் மூன்று பேர்
வேலியேறிக் குதித்தார்கள்.
வா என்று சொல்லவில்லை.
"கோல்ல நில்லு" என்றான் டோக்கி,
பதின்மூன்று வயது, பூனைமீசை.
ஹோக்னி நின்றான்.
பதினோரு பந்து உள்ளே போனது,
பன்னிரண்டாவது கடலுக்குள் போனது.
எடுக்கப் போன நால்வருக்கும்
ஒரே ஈரம், ஒரே திட்டு.
ராத்திரி சாப்பாட்டில் கேட்டான்:
"நாளைக்கும் திட்டுவாங்களா?"
ஆசையாகக் கேட்டான்.

அக்காவும் நானும் பேசி இரண்டு வருடம்.
அப்பா விட்டுப்போன பங்கு,
பதினாறு ஆடும் ஒரு கையெழுத்தும்.
பிள்ளைகளுக்குத் தெரியாமலில்லை.
அதை மழை மாதிரி எடுத்துக்கொண்டார்கள்:
பெய்யும். தொப்பி போட்டுக்கணும்.

என் வீட்டு ரொட்டி அவள் வீட்டுக்குப் போனது.
அவள் வீட்டுப் பேன் என் வீட்டுக்கு வந்தது.
டோக்கிக்குச் சின்னதாய்ப்போன கம்பளிச் சட்டை
சுன்வோர் தோளில் இரண்டு குளிர்காலம் கிடந்து
முழங்கையில் ஒட்டோடு
ஹோக்னியிடம் வந்து சேர்ந்தது.
ஒட்டுப் போட்டது என் அக்கா. அந்தக் கோணல் தையல்
எனக்குத் தெரியாதா?
துவைக்க எடுத்தவள்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

என் மகன் திக்குவான். 'ப' வந்தால் நின்றுவிடுவான்.
பள்ளியில் டீச்சர் பொறுமையாகக் காத்திருப்பார்,
அந்தப் பொறுமைதான் அவனைக் கொன்றது.
சுன்வோர் காத்திருப்பதில்லை.
"ஓடிக்கிட்டே சொல்லு" என்று ஓடிவிடுவாள்.
துரத்தித் துரத்திச் சொல்லி முடிப்பான்.
மூச்சு வாங்கும்,
எங்கே திக்கியதென்று இருவருக்குமே நினைவிருக்காது.

கடைக்குட்டி பெய்னிர், நாலு வயது,
ஒருநாள் காலை நீட்டிக்கொண்டு வந்தான்:
"கட்டிவிடு."
யாருக்கும் அண்ணனாக இருந்திராதவன்
மண்டியிட்டு அந்த முடிச்சைப் போட்டான்.
அவிழவே இல்லை, கடைசியில்
கத்தரிக்கோலால் வெட்டினோம்.

எங்கள் மொழியில் இந்த உறவுக்குப் பெயரே
உடன்பிறந்தாரின் பிள்ளை.
சொல்லுக்குள்ளேயே அக்காவும் நானும்
உட்கார்ந்திருக்கிறோம்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அக்டோபரில் ஆடு இறக்கும் நாள்.
கடல் விளிம்பிலிருந்து உச்சிப்பாறை வரை
ஊரே வரிசையாய் நிற்கவேண்டும்,
அடுத்த ஆள் தெரியும் தூரத்தில்.
ஓரிடத்தில் ஓட்டை விழுந்தாலும்
மந்தை அந்த வழியாகப் போய்விடும்.
கீழே ஹோக்னி, அவனுக்கு மேலே டோக்கி,
அப்புறம் சுன்வோர், அப்புறம் நான்.
எனக்கு மேலே யாரென்று நான் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பனி இறங்கியது.
முதலில் உச்சி போனது,
பிறகு சுன்வோரின் சிவப்புத் தொப்பி,
பிறகு என் பூட்ஸ்.
கீழேயிருந்து ஒரு குரல்: "ஹோய்!"
என் மகன்.
டோக்கி வாங்கி மேலே கொடுத்தான்.
சுன்வோர் வாங்கினாள்.
என்னிடம் வந்தது.
அந்த வெள்ளையைப் பார்த்து நானும் கூப்பிட்டேன்.

ஒன்றுமில்லை.
எங்கோ ஓர் ஆடு இருமியது.

பிறகு மேலேயிருந்து,
சின்ன வயதில் என் விரல் கதவிடுக்கில் மாட்டியபோது
வீடதிரக் கத்திய அதே தொண்டை:
"ஹோய்! இங்கதான் இருக்கேன்.
இடதுபக்கம் பள்ளம், பார்த்து வா."

பதினாறு ஆட்டுக்கு
இன்னும் கையெழுத்து ஆகவில்லை.
பேன் மருந்து மட்டும்
இரண்டு வீட்டுக்கும் சேர்த்து
பெரிய புட்டியாக வாங்குகிறோம்.