நடுவில் இருபத்துநான்கு

செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பாடவேளை.
கரும்பலகையில் இரண்டு கோணங்கள் வரைந்தேன்.
ஒன்றுக்குக் கைகள் குட்டை,
ஒன்றுக்குப் பலகையின் ஓரம்வரை நீளம்.
இரண்டும் நாற்பது பாகைதான்.
எது பெரியது என்று கேட்டேன்.

இருபத்தோரு விரல்கள் நீளமானதைக் காட்டின.
தாம்த்தா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கை எவ்வளவு தூரம் போகிறது என்பதல்ல,
இரண்டு கைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன
என்பதுதான் கோணம், என்றேன்.
கத்தரிக்கோலை விரித்துக் காட்டினேன்.
கதவைத் திறந்து காட்டினேன்.
கதவு கிறீச்சிட்டது, குளிர் உள்ளே வந்தது, சிரித்தார்கள்.

பாச்சானா சிரிக்கவில்லை.
"அப்படியென்றால் அந்த வடம்?"

சியாத்துராவில் வடம் என்றால் விளக்கம் தேவையில்லை.
பள்ளத்தில் ஆறு,
இரண்டு பக்கமும் சுவர்போல மலை,
மலைமேல் வீடுகள், மாங்கனீசுச் சுரங்கம்.
நடுவில் வானத்தைக் குறுக்கே கோடு கிழித்து
இரும்பு வடங்கள்,
அவற்றில் ஆளேற்றிப் போகும் பெட்டிகள்.
அவன் அம்மா காலை ஆறரைக்கு
எல்லாவற்றிலும் நீளமான வடத்தில் ஏறுகிறாள்.
"அது நீளம். அதனால்தான் அவ்வளவு செங்குத்து.
அம்மாவுக்கே தெரியும்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.
ஒருத்தியின் வயிறு தினமும் சொல்லும் சாட்சியை
சாக்பீஸால் எப்படி அழிப்பது?

புதன்கிழமை பாலத்துக்குக் கூட்டிப்போனேன்.
ஆளுக்கொரு கோணமானி,
அதன் நடுத்துளையில் நூல்,
நூல் முனையில் ஒரு நட்டு
(சுராபின் அப்பாவுடைய லாரியிலிருந்து,
அவருக்குத் தெரிந்தா தெரியாமலா என்று நான் கேட்கவில்லை).
ஒரு கண்ணை மூடு.
விளிம்பை வடத்தோடு பொருத்து.
நூல் ஆடி அடங்கட்டும்.
அது எப்போதும் ஒரே பக்கம்தான் இறங்கும்,
அதை நம்பலாம்.

குட்டை வடம்: முப்பத்தொன்று.
நீள வடம்: இருபத்துநான்கு.

பாச்சானா மூன்று முறை அளந்தான்.
இருபத்துநான்கு. இருபத்துநான்கு. இருபத்துமூன்று.
"காற்று," என்றான்.
காற்றே இல்லை.
நட்டைச் சுண்டிவிட்டுக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டான்.
நான் ஜெயித்துவிட்டேன்.
ஜெயித்ததில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அப்போதுதான் தாம்த்தா, பாலத்தின் மறுகோடியிலிருந்து,
யாரிடமோ பேசுவதுபோல:
"டீச்சர், கீழே பதினாலுதான் வருகிறது."
தப்பாகப் பிடித்திருப்பாய் என்றேன்.
"மேலே முப்பத்தெட்டு."
தப்பு என்று இன்னொரு முறை சொல்ல வாயெடுத்து
நானும் ஒரு கண்ணை மூடினேன்.

வடம் தொய்ந்திருந்தது.
பத்து வருடமாக அதற்கடியில் நடந்து
பள்ளிக்கு வருகிறேன்,
மனசுக்குள் அதை அடிக்கோல் வைத்து நேராக்கியே
பார்த்திருக்கிறேன் போல.
காலடியில் சோம்பலாகக் கிளம்பி,
போகப்போக நிமிர்ந்து,
பாறையைத் தொடும் இடத்தில்
குட்டை வடத்தையும் மிஞ்சிவிடுகிறது.

"இப்போது அதன் கோணம் எது?" நூட்சா கேட்டாள்.
எந்த இடத்தில் என்று முதலில் சொல், என்றேன்.
ஆறாம் வகுப்புப் பாடத்தில் இது இல்லை.
எந்த வகுப்பில் வரும் என்று
அவர்களிடம் சொல்லவும் இல்லை.

பாச்சானா மெதுவாகக் கோணமானியை எடுத்தான்,
மேல் முனைக்கு வைத்தான்.
"அம்மா கண்ணை மூடிக்கொள்வது அங்கேதான்."

வெள்ளிக்கிழமை அவன் நோட்டு என் மேசையில் இருந்தது.
வளைந்த ஒரு கோடு,
அதில் மூன்று இடத்தில் மூன்று எண்கள்,
உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி,
பெட்டியின் சன்னலில் ஒரு புள்ளி.
'அடிக்கோல் வைத்து வரையவும்' என்று
பழக்கத்தில் எழுதப்போன சிவப்புப் பேனா
'அடி' வரைக்கும் எழுதிவிட்டது.
அதை அடித்துவிட்டு
பத்துக்குப் பத்து போட்டேன்.