நாற்பத்தேழாம் கட்டத்தில் கறை இல்லை

பாயா தெருபோங் அடுக்குமாடியில்
கார் நிறுத்த எங்களுக்குக் கிடைத்தது
நாற்பத்தேழாம் கட்டம்.
இரண்டு மஞ்சள் கோடு.
நடுவே எங்கள் பழைய ஈஸ்வரா
பதினெட்டு வருஷம் சொட்டிச் சொட்டி வரைந்த கறை:
யாரோ பினாங்குத் தீவை
நினைவிலிருந்து வரைந்து
தெற்கு முனையை மறந்துவிட்டதுபோல.

ஈஸ்வரா.
கம்பெனி வைத்த பெயர்தான்.
ஆயர் ஈத்தாம் மேடு ஏறும்போது
கூப்பிட வசதியாக இருந்தது.

காலையில் சாவியைத் திருப்பினால்
நீலமாய் ஒரு புகை கிளம்பும்.
கீழ்வீட்டு மிஸ்டர் கூ
கொடியிலிருந்து துணியை எடுக்க ஓடுவார்.
"வால்வு சீல் காய்ந்துபோச்சு" என்றான் ஆ செங்.
"குடிக்குது. ஒழுகுது. ரெண்டும் செய்யுது.
இருபது-ஐம்பது வாங்கி கெட்டியா ஊத்து,
ஓடும்."
ஓடியது.
பூட்டில் எப்போதும் ஒரு போத்தல், ஒரு புனல்,
மகன் ஆறாம் ஆண்டில் போட்ட
பள்ளிச் சட்டையின் ஒரு கை.
கம்பியை உருவு, துடை, செருகு, மறுபடி உருவு.
பல் துலக்குகிற மாதிரி
யோசிக்காமல் செய்வேன்.

நிர்வாகக் குழு ஐம்பது வெள்ளி அபராதம் போட்டது,
கறைக்கு.
கட்டினேன்.
மறைக்க அதில் என்ன இருந்தது?

போன வருஷம் புதுசு வந்தது.
ஒன்பது வருஷக் கடன், மூன்று சிலிண்டர், டர்போ.
அதன் எண்ணெய் தண்ணீர் மாதிரி,
விரலில் தொட்டால்
தொட்டதாகவே தெரியாது.
பழக்க தோஷம், அடியில் அட்டை விரித்து வைத்தேன்.
ஒரு மாதம் கழித்தும் அட்டை அட்டையாகவே இருந்தது.
மிஸ்டர் கூ குனிந்து பார்த்தார்,
கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.
நானும் போனட்டைத் திறப்பதை
மறந்துபோனேன்.

ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டரில்,
பாலம் வளைகிற இடத்தில்
சிவப்பாய் ஒரு எண்ணெய்க் குவளை
மின்னி அணைந்தது.
மறுபடி மின்னியது.
ஓரம் கட்டி, விளக்கைச் சிமிட்டவிட்டு,
லாரிகள் பாலத்தை உலுக்க
கம்பியை உருவினேன்.
நுனிவரை காய்ந்திருந்தது.

கீழே ஒரு சொட்டு இல்லை.
பின்னால் புகை இல்லை.
நாலு லிட்டருக்குப் பாதி
என் கண்முன்னாலேயே, தினமும்,
வேலைக்குப் போய் வந்தபடியே
எங்கோ போயிருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் குளிர், இலவசக் கோப்பி.
நோராஷிகின் கையேட்டைத் திருப்பிக் காட்டினாள்:
ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை
இயல்பு.
பிஸ்டன் வளையம் இறுகப் பிடித்தால்
பெட்ரோல் கூடச் செலவாகுமாம்.
கொஞ்சம் தளர்த்தி விட்டிருக்கிறார்களாம்.
தளர்ந்த வழியே எண்ணெய் மேலேறி,
சுத்தமாக எரிந்து,
சுத்தமாகப் போய்விடுமாம்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
பதினோரு வருஷமாய் நான்தான்
அந்த முத்திரையைக் குத்துகிறேன்.
ஆயிரம் சில்லில் மூன்றைக் காணோம். இயல்பு.
எங்கே போயின என்று எழுத
அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.
நோராஷிகினிடம் கோபப்பட முடியவில்லை.
அவள் கையெழுத்து
என் கையெழுத்து மாதிரியே
அவசரமாய் இருந்தது.

திரும்பும் வழியில் ஜெலுத்தோங்.
ஈஸ்வராவை எண்ணூறு வெள்ளிக்கு
எடுத்துக்கொண்டவன் ஆ செங்தான்.
மீன் வாங்க ஓட்டிப் போகிறான்.
அவன் வாசலில் இப்போது
புதிதாய் ஒரு தீவு தொடங்கியிருக்கிறது.
"இதுக்கு இருபது-ஐம்பது ஊத்திடாதே" என்று
தண்ணி எண்ணெய் ஒரு போத்தல் தந்தான்.
விலை மூன்று மடங்கு.

வீட்டில் குலவீரன் கேட்டார்,
"புது வண்டிக்குமா?"
புது வண்டிக்கும்தான்.
பீரோவின் அடித்தட்டில் தேடி
அந்தச் சட்டையை எடுத்தேன்.
இன்னொரு கை இருந்தது.